ஒரு அடிக்கு ஒரு அடி

ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டுவிடுவது, எந்தக் கம்பெனிக்காரன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று மூன்று பேர் சேர்ந்து சபதம் எடுத்தார்கள். சபதம் எடுத்த இடம் ஒரு பல் கிளினிக். மதியச் சாப்பாட்டு நேரம். தலைவர், பல் பிடுங்கும் நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தார். வாய் மட்டும் மூடவே இல்லை.

"எந்தக் கம்பெனியாலயும் நம்மள விலைக்கு வாங்க முடியாது!" என்றார்.

உண்மைதான். பதினோரு வருஷமாக எந்தக் கம்பெனியும் விலைகூடக் கேட்கவில்லை.

தலைவருக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஊரில் பாதி மாடிகளுக்கு ஜனங்கள் மூச்சு வாங்காமல் போய்ச் சேர்வது அவர் புண்ணியத்தில்தான். எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். ராக் இசைக்குழுவில் அவர் கிட்டார் வாசிப்பார், பாடுவார், பாட்டும் எழுதுவார். டிரம்ஸ், பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயில் துளை போட்ட கை, சாயங்காலமானால் டிரம்ஸைத் துவைத்துக் காயப்போடும். மூன்றாமவர் கெமிஸ்ட்ரி வாத்தியார். அவர் வகுப்பில் பாதிப் பேர் பாஸ் ஆகாததால், பாஸ் கிட்டாரைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

குழுவுக்குப் பெயர் 'தலையாட்டாதோர்'. அதிகாரத்துக்குத் தலையாட்டாதவர்கள் என்று பொருள். கச்சேரிக்கு வந்தவர்களும் இதுவரை அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்து, யாரும் தலையை ஆட்டியதில்லை.

"நாம சுயேச்சையான கலைஞர்கள்" என்று நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார் லிஃப்ட்காரர்.

"அந்த வார்த்தை மட்டும் வேணாம்டா" என்றார் வாத்தியார். "சுயேச்சையா நின்ன எவனுக்கு டெபாசிட் திரும்பி வந்திருக்கு?"

ஆனாலும் முடிவாகிவிட்டது. ஆல்பத்தின் பெயர் 'இனி கேட்க மாட்டோம்'. எட்டுப் பாட்டு. ஒன்றைத் தவிர எல்லாமே சர்வாதிகாரத்தை எதிர்த்து. முதல் பாட்டிலேயே, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது யார் என்று அதட்டுகிற ஆட்சியைப் பார்த்து லிஃப்ட்காரர் கர்ஜித்திருந்தார். எந்த நாட்டு அரசாங்கம் ஈரத் துண்டு விஷயத்தில் இவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று வாத்தியாருக்குச் சந்தேகம். கல்யாணமானவர் என்பதால் கேட்கவில்லை.

வெறுமனே ஃபோனில் கேட்கிற மாதிரி வெளியிட்டுவிட்டுப் போயிருக்கலாம். லிஃப்ட்காரர் சம்மதிக்கவில்லை. "ஃபோன்ல கேக்கறவன் ரசிகன் இல்ல, பஸ் பயணி. நமக்கு இசைத்தட்டு வேணும். பெரிய கறுப்புத் தட்டு. கையில எடுத்தா கனக்கணும்." ஐந்நூறு தட்டு அச்சடிக்கச் சொல்லியாயிற்று. அதைப் போட்டுக் கேட்கும் கருவி மூன்று பேர் வீட்டிலும் கிடையாது.

சிக்கல், தட்டுகளை எங்கே இறக்குவது என்பதில் வந்தது.

"கிளினிக்ல வேணாம். பெட்டி பெட்டியா அடுக்கி வச்சா, பிடுங்கின பல்லைத்தான் சேத்து வச்சிருக்கேன்னு நெனச்சுடுவாங்க" என்றார் டாக்டர்.

"என் வீட்ல மாமியார் இருக்காங்க" என்றார் வாத்தியார். அதற்குமேல் யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

இருவரும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார்.

அவர் வீட்டில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டரின் டிரம்ஸை ஒரு வாரம் மட்டும் என்று சொல்லிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, அது ஏழு மாசம் இருந்தது. அது வெளியேறிய அன்று மனைவி அறிவித்தாள்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள சத்தம் போடற சாமான் ஒண்ணுகூட வரக் கூடாது. ஏற்கெனவே இருக்கறது போதும்." சொல்லும்போது அவள் பார்த்தது கிட்டாரை இல்லை. அவரை.

மனைவி, காது பரிசோதனை செய்கிறவள். சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அளந்து சொல்வாள். நாள் முழுக்க மெல்லிய 'பீப்'களைக் கவனித்துப் பழகிய காது. பக்கத்து அறையில் புருஷன் மனசுக்குள் நினைப்பதே அதற்குப் பாதி கேட்கும்.

"தைரியமா உன் வீட்லயே இறக்குடா" என்றார் வாத்தியார். "ஆல்பம் பேரே இனி கேட்க மாட்டோம். அவங்க கேட்டா நீ கேக்காத."

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெட்டிகள் வருவதாக ஏற்பாடு. மனைவி வேலைக்குப் போயிருப்பாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு லிஃப்ட்காரர் வாசலில் நின்றார். வண்டி வந்தது. இருபது பெட்டி. ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து தட்டு. ஓட்டுநர் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனாவது மாடி சார்?"

"நாலு."

"லிஃப்ட் இருக்குல்ல?"

லிஃப்ட் இருந்தது. ஓடவில்லை. இரண்டு மாசமாக. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்று சொன்னால் லிஃப்ட்காரருக்குச் சங்கடமாக இருக்கும். ஆல்பம் ஒத்திகை இருந்ததால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். ஓட்டுநர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டாவது மாடியில், முட்டிவலியால் படியிலேயே உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்ட் தபால் அதிகாரி அம்மா, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை முதல் தடவை அதிசயமாகப் பார்த்தார். ஐந்தாவது தடவை ஆர்வமாக. பத்தாவது தடவை பரம திருப்தியாக.

"கஷ்டமா இருக்கா தம்பி?"

"இல்லம்மா…" என்றார், நாக்கு வெளியே தொங்க.

"ரெண்டு மாசமா எனக்கும் அப்படித்தான் இல்லவே இல்லாம இருக்கு."

இருபதாவது பெட்டியைக் கூடத்தில் வைத்து நிமிர்ந்தபோது லிஃப்ட்காரருக்கு முதுகிலிருந்து, தன் பாட்டு எதிலுமே வராத ஒரு புது சுருதி கேட்டது. அதே நேரம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தமும் கேட்டது.

மனைவி.

"இன்னிக்கு நாலு பேரு வரல. சீக்கிரம் கெளம்பிட்டேன்" என்றபடி உள்ளே வந்தவள் நின்றாள். கூடத்தில் இருபது பெட்டி. நடுவில் புருஷன், மழையில் நனைந்த காக்காய் மாதிரி.

"என்னங்க இது?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். பொய் எதுவும் கைவசம் இல்லை. வாயை மூடினார்.

அவள் குனிந்து ஒரு பெட்டியின் விளிம்பில் கையை வைத்து அளந்தாள். "ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும் போல." தூக்கிப் பார்த்தாள். "அம்மாடி, என்ன கனம்! சதுரமா வேற இருக்கு…" சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "என்னங்க… டைல்ஸா?"

மூழ்குகிறவன் கையில் கயிறு விழுந்த மாதிரி இருந்தது லிஃப்ட்காரருக்கு.

"டைல்ஸ்! ஆமா, டைல்ஸேதான்!"

"பாத்ரூமுக்கா?"

"வேற எதுக்கு?"

பாத்ரூம் தரையில் மூன்று வருஷமாக விரிசல். ஓரத்தில் ஒரு டைல் பாதி உடைந்து, தினமும் யாராவது ஒருவரின் கட்டை விரலில் ரத்தம் பார்க்கும். மூன்று வருஷமாக அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவரும் "பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரிசலும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னதெல்லாம் உங்க காதுலயே ஏறலன்னு நெனச்சேன். எல்லாத்தையும் மனசுலயே வச்சிருந்திருக்கீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிரிச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம்!" கூரை அதிரக் கத்தியவர், குரலைத் தாழ்த்தினார். "சர்ப்ரைஸ். போட்டதுக்கப்பறம் பாரேன்."

"சரிங்க. கொத்தனாரே பிரிக்கட்டும்" என்றவள் ஃபோனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். இரண்டு நிமிஷம்தான் பேசினாள். "நம்ம நல்ல நேரம் பாருங்க, நாளைக்குக் காலையிலயே வராராம்!"

யாரும் பிரித்துவிடாதபடி லிஃப்ட்காரர் போய் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாப்பாட்டில் அவருக்கு மட்டும் இரண்டு முட்டை. அதைச் சாப்பிட்டபடி அவர் ஒரு கணக்குப் போட்டார். கொத்தனார் வருவார். பார்த்துவிட்டு அளவெடுப்பார். மணல் இல்லை, சிமென்ட் இல்லை என்பார். எந்தக் கொத்தனார் வந்த அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருக்கிறார்? எப்படியும் ஒரு வாரம் ஓடும். சனிக்கிழமை ஆல்பம் வெளியீடு. தட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். அப்புறம், டைல்ஸ் உடைஞ்சிருந்தது, கடையிலயே திருப்பிக் கொடுத்துட்டேன் என்று சொல்லிவிடலாம். யோசிக்க யோசிக்கத் தன் மூளையின் வேகம் அவருக்கே பெருமையாக இருந்தது. டைல்ஸ் என்று நொடியில் சொல்லிச் சமாளிக்க எத்தனை பேரால் முடியும்?

காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வந்தார். மணல், சிமென்ட், சுத்தியல் எல்லாமே கொண்டுவந்திருந்தார். லிஃப்ட்காரர் முகத்தில் பாதி சவரம் செய்து முடித்தபோது, பாத்ரூம் தரை முழுதாக உடைந்திருந்தது.

"இவ்வளவு அவசரமா உடைக்கணுமா?" என்றார், நுரையோடு.

"அம்மா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு சொல்லிட்டாங்க. தண்ணி ஊத்தி சமன் பண்ணிடறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு டைல்ஸ் பதிக்க ஆரம்பிக்கணும் சார். அந்தப் பெட்டிதானே?"

"அதைத் தொடாதீங்க! அது… நான்தான் பிரிக்கணும்."

எட்டரை மணிக்கு மனைவி வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது அவர் கன்னத்தில் காய்ந்துகிடந்த நுரையைத் துடைத்துவிட்டுப் போனாள். இரண்டு மணிக்குள் வீட்டுக்கு நிஜ டைல்ஸ் வர வேண்டும். சேமிப்பு மொத்தமும் ஆல்பத்தில் கரைந்துபோயிருந்தது. லிஃப்ட்காரர் படுக்கையறைக்குள் போய்த் தன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். பெட்டி சைஸ் ஸ்பீக்கர், பழுப்புத் துணி போட்ட முகப்பு, எட்டுத் திருகு. அவர் கிட்டாரின் குரலே அதுதான். அது இல்லாவிட்டால் ராக் கிட்டார், கம்பி கட்டிய பலகை.

பத்தரை மணிக்கு அது, பழைய இசைக்கருவி வாங்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. லிஃப்ட்காரர் அதைத் திரும்பிப் பார்க்காமல் பக்கத்திலிருந்த டைல்ஸ் கடைக்குள் போனார்.

"இருக்கறதுலயே சல்லிசான டைல்ஸ். ஒரு அடிக்கு ஒரு அடி" என்றார்.

கடைக்காரர் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டார். ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஒரு நிமிஷம். காலையில கேக்க மறந்துட்டேன். என்ன கலர் டைல்ஸ்?"

"கலரா? அது… உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எனக்கு வெளிர் பச்சைதான் ஆசை. ஆனா நீங்கதான் ஏற்கெனவே வாங்கியாச்சே. என்ன பண்றது…" குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதேதான் வாங்கியிருக்கேன்!" என்று துள்ளினார். ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு, "சாம்பல் வேணாம். வெளிர் பச்சை!" என்று கடைக்காரரிடம் கிசுகிசுத்தார்.

"அட, மனசைப் படிச்ச மாதிரி இருக்கே! வழுக்காத ரகந்தானே?"

"வழுக்கவே வழுக்காது." கடைக்காரர் எடுத்து வைத்ததை லிஃப்ட்காரர் தள்ளிவிட்டு, சொரசொரப்பாக இருந்த ரகத்தைக் காட்டினார். விலை ஏறியது.

"தரைக்கு மட்டுமா, சுவத்துக்கும் சேத்தா?"

"…சுவத்துக்கும்."

"பாதிச் சுவரா, முழுச் சுவரா?"

"நீ எது சொல்றியோ…" என்று தொடங்கியவர் சுதாரித்தார். "அதாவது, நீ எது சொல்லியிருப்பியோ அதை யோசிச்சுத்தான் வாங்கினேன்."

"அப்போ முழுச் சுவர்தான். எனக்குத் தெரியும், நீங்க அரைகுறையா எதையும் செய்ய மாட்டீங்க. வச்சுடறேன், அடுத்தவரு உள்ள வந்துட்டாரு."

ஆம்ப்ளிஃபயர் போதவில்லை. லிஃப்ட்காரர் பக்கத்துக் கடைக்குத் திரும்பப் போய், பையில் கூடவே கொண்டுவந்திருந்த, கிட்டார் சத்தத்தை உறுமவைக்கும் பெடல்கள் ஆறையும் கொடுத்துவிட்டு வந்தார். டைல்ஸ் கடையிலிருந்து இருபத்திரண்டு பெட்டி கிளம்பியது. ஒவ்வொன்றும் இசைத்தட்டுப் பெட்டியைவிட இரண்டு மடங்கு கனம். கலையைவிடக் கல்லுக்குக் கனம் அதிகம் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தார்.

கட்டட வாசலில் டைல்ஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். இவ்வளவையும் மேலே ஏற்ற வேண்டும். இருபது பெட்டி இசையைக் கீழே இறக்க வேண்டும். மணி பன்னிரண்டு. முதுகு, முடியாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது.

வேறு வழியில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் இறங்கினார். கதவு உணரியில் ஒரு ஒயர் தளர்ந்திருந்தது. ரிலே ஒன்று கரிந்திருந்தது. மாற்றினார். துடைத்தார். பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் சொகுசாக மேலேறியது.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தபோது, தபால் அதிகாரி அம்மா எதிரில் நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரம் தம்பி ஆச்சு, சரி பண்ண?"

"நாப்பது நிமிஷம்மா."

"நாப்பது நிமிஷ வேலைக்கா ரெண்டு மாசம் என் முட்டியைத் தேச்சே?"

"கொஞ்சம் வேலை அதிகம்மா…"

"உன் பொண்டாட்டி நேத்தே சொன்னா. 'நாளைக்கு லிஃப்ட் ஓடும், கவலைப்படாதீங்க'ன்னு. நான்தான் நம்பல. தங்கமான பொண்ணு."

இந்த வாக்கியத்தை நின்று யோசித்திருந்தால் லிஃப்ட்காரர் அப்போதே பிழைத்திருப்பார். ஆனால் இருபத்திரண்டு பெட்டி காத்திருந்தது. டைல்ஸ் மேலே ஏறியது, இசைத்தட்டு கீழே இறங்கியது. ஒன்றரைக்கு இசைத்தட்டெல்லாம் வாடகை வண்டியில் ஏறி, பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போய்விட்டன. "நாலே நாள்டா, கெஞ்சிக் கேக்கறேன்" என்று சொன்னதும் டாக்டர் சரி என்றார். காத்திருக்கும் இடத்தில் நாற்காலி பற்றாமல் இருந்ததால் நோயாளிகள் 'இனி கேட்க மாட்டோம்' மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஆல்பத்துக்கு ஆதரவு பெருகியது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை பாத்ரூம் தயாராகிவிட்டது. வெளிர் பச்சை. முழுச் சுவர். வழுக்காத தரை. மனைவி வெறுங்காலோடு உள்ளே போய் நின்று, கட்டை விரலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"நீங்க இவ்வளவு ரசனையானவர்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க."

லிஃப்ட்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டார். தட்டு தப்பித்தது, மனைவிக்குச் சந்தேகம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் போனது போனதுதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக அவர் ஒரு ரவுண்டு ஜெயித்திருந்தார். கண்ணாடியைப் பார்த்து, தலையைச் சீவாமலேயே விட்டார். ராக் பாடகன் தலை சீவக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் கிளம்பினார்.

"எங்கங்க?"

"அவசர வேலை. ஒரு லிஃப்ட்ல அஞ்சு பேரு மாட்டிக்கிட்டாங்க."

"ஐயோ பாவம். கிட்டாரும் எடுத்துட்டுப் போறீங்களே?"

"…கதவு திறக்கற வரைக்கும் அவங்களுக்கு ஒரு ஆறுதலா வாசிக்கலாம்னு."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றாள். "அஞ்சு பேரும் பத்திரமா வெளிய வரட்டும்."

வெளியீட்டு விழா, வாடகைக்கு எடுத்த ஒரு நூலக மாடியில். எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டில் ஆள் இருந்தது. அதில் பதினொரு பேர், இலவசமாகப் பல் சுத்தம் செய்துதருவதாகச் சொல்லி டாக்டர் அழைத்து வந்தவர்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாக வாத்தியார், பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்துக்கு வைக்கும் மைக் செட்டைத் தூக்கி வந்திருந்தார். அதில் கிட்டாரை இணைத்து ஒரு மீட்டு மீட்டினால், அடங்காத ராக் இசைக்குப் பதில், 'வரிசையாக நில்லுங்கள்' என்று யாரோ அதட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. முன் வரிசையிலிருந்து இரண்டு பேர் நிஜமாகவே எழுந்து நின்றார்கள்.

முதல் பாட்டு. ஈரத் துண்டை எதிர்க்கும் பாட்டு. லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கர்ஜித்தார். சர்வாதிகாரத்தின் முகத்தில் விரலை நீட்டும் இடம் வந்ததும், கண்ணைத் திறந்து விரலை நீட்டினார்.

விரலுக்கு நேரே, மூன்றாவது வரிசையில், மனைவி உட்கார்ந்திருந்தாள்.

விரல் அப்படியே நின்றது. பாட்டும் நின்றது. வாத்தியார் மட்டும் நாலு அடி தனியாக வாசித்துவிட்டு நிறுத்தினார். டாக்டர் நிறுத்தவில்லை, அவருக்குக் கேட்டால்தானே. மனைவி இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தாள். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்து, "ம், பாடுங்க" என்பது போலக் கையை அசைத்தாள். லிஃப்ட்காரர் பாடினார். மிச்சம் ஏழரைப் பாட்டையும், அதிகாரத்திடம் மன்னிப்புக் கேட்கும் குரலில்.

முடிந்ததும் அவள் மேடைப் பக்கம் வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

"இனி கேட்க மாட்டோம்… என்னங்க, நீங்களே அட்டையில கேக்க மாட்டோம்னு போட்டுட்டா, வேற யாரு கேப்பா?"

"அஞ்சு பேரும் வெளிய வந்துட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். வாய் தானாகச் சொன்னது.

"ஆம்ப்ளிஃபயர் எங்க?"

"ரிப்பேர்."

"என்ன கலர் ரிப்பேர்? வெளிர் பச்சையா?"

லிஃப்ட்காரர் கிட்டாரை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார். "எப்போ… எப்பலேர்ந்து தெரியும்?"

அவள், டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த டாக்டரைக் காட்டினாள். "உங்க நண்பர் மூணு வாரத்துக்கு முன்னாடி எங்க கிளினிக்குக்கு வந்தார். காதுல 'கொய்ங்'னு சத்தம் வருதுன்னு. வெளிய உக்காந்துகிட்டு வாத்தியாருக்கு ஃபோன் போட்டு ரகசியம் பேசினார். காது மந்தமானவங்க பேசற ரகசியம் எப்படி இருக்கும்னு தெரியும்ல? நான் ரெண்டு கதவு தாண்டி, சத்தமே புகாத அறைக்குள்ள இருந்தேன். எனக்குக் கேட்டுது. இருபது பெட்டி. ஒரு அடிக்கு ஒரு அடி. திங்கக்கிழமை மூணு மணி. சனிக்கிழமை வெளியீடு, நூலக மாடி. அவ வீட்ல இருக்க மாட்டா."

"அப்போ கொத்தனார்…"

"அன்னிக்கே சொல்லி வச்சுட்டேன். நல்ல கொத்தனார் சட்டுனு கிடைக்க மாட்டாங்க."

லிஃப்ட்காரர் மெதுவாக, மிக மெதுவாக, அந்தத் திங்கட்கிழமைக் கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். பெட்டி. மனைவி. குனிந்து அளந்த கை. டைல்ஸ் என்ற வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது?

"நான் பொய் சொல்லலன்னா?" என்றார் கடைசி நம்பிக்கையோடு. "ஆமா, இசைத்தட்டுதான்னு உண்மையைச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா ஒரு மூலையில வச்சுக்குங்கன்னு விட்டிருப்பேன்" என்றாள். "நிஜமா. அதுக்கும் தயாராத்தான் வந்தேன். நீங்கதான் வாயைத் திறந்துட்டு மூடிட்டீங்க."

அந்தக் குரலில் கேலி இல்லாததுதான் அவருக்கு ரொம்பச் சுட்டது. டாக்டர் பக்கத்தில் வந்து, "என்ன சொல்றாங்க?" என்று உரக்கக் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். எல்லாம் போனாலும் கலைஞனுக்கு இந்தக் கேள்வி போகாது.

"மூணாவது பாட்டு நல்லா இருந்துச்சு. அந்த லிஃப்ட் பாட்டு. ஒருத்தன் நாள் முழுக்க எல்லாரையும் மேல ஏத்திவிட்டுட்டு, தான் கீழயே நிக்கறானே, அது. அதை மட்டும் ரெண்டு பஞ்சையும் எடுத்துட்டுக் கேட்டேன்." தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அது யாரையும் திட்டல. அதான் நல்லாயிருக்கு."

லிஃப்ட்காரர் சீவாத தலையைக் கையால் கோதிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு விமர்சனம் யாரும் எழுதியதில்லை. காதைப் பற்றித் தெரிந்தவள் சொல்கிறாள்! அடுத்த ஆல்பம் முழுக்க லிஃப்ட் பாட்டாகவே போடலாமா என்று அங்கேயே மனசு ஓடத் தொடங்கிவிட்டது.

அன்றைக்கு விற்றது பத்தொன்பது தட்டு. அவள் எடுத்ததையும் சேர்த்து இருபது. மீதியைத் திரும்பக் கிளினிக்குக்கு எடுத்துப்போக டாக்டர் மறுத்துவிட்டார். பெட்டிமேல் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதாக ஒரு நோயாளி சண்டை போட்டாராம். வாத்தியார் மாமியாரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் திரும்பினார். இந்தத் தடவை பொய் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"இதெல்லாம் இசைத்தட்டு. நம்ம வீட்டுக்குத்தான் கொண்டு வரணும்."

"தாராளமா கொண்டு வாங்க" என்றாள் அவள், அவர் தோளிலிருந்து கிட்டாரை மெதுவாகக் கழற்றிக் கையில் வாங்கியபடி. "இதுல மட்டும் கீறல் விழாம பாத்துக்குங்க, விலை குறைஞ்சிடும். சமையல் ரூம் தரை, பாத்ரூமைவிடக் கொஞ்சம் பெருசு."